இரண்டு வரி வேண்டாமாம்

மே தினம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், சங்கத் தலைவர் நான் வேலை செய்யும் புடைவைக் கடைக்கு வந்தார். ஹட்டன் டவுனில் அவர் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலாளிமார் எழுந்து நிற்பார்கள். எங்கள் முதலாளியும் நின்றார். தலைவர் புடைவை எதையும் பார்க்கவில்லை. நேரே என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, ஒங்க பாட்டக் கேட்டேன். போன்ல அனுப்பியிருந்தாங்க. நல்லாருக்கு."

நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்தபடியே, "சந்தோசம்ண்ணே" என்றேன்.

"இந்த மே தினத்துக்கு நம்ம மேடையில நீங்க பாடணும். டிரம்செட்டு, கிட்டாரு எல்லாத்தோடயும் வாங்க. தோட்டத்துப் புள்ளைங்க எவனுக்கும் கொறைஞ்சவங்க இல்லன்னு நாலு பேரு பாக்கட்டும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே ஒரு வரி மட்டும் எடுத்துருங்க. லொறின்னு வருதில்ல, அது."

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் ஜெபவீட்டுப் போதகர் என்னை நிறுத்தினார். அவரும் பாட்டைக் கேட்டிருந்தார். "தொழிலாளிக்காகப் பாடுறது நல்ல காரியம் மக. லொறியப் பத்தி நீ கேட்டது நூத்துக்கு நூறு ஞாயம். அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம். கர்த்தரப் பாத்து எங்க போனன்னு கேக்குற வரி."

ஒருவருக்கு லொறி உறுத்தியது, மற்றவருக்குக் கர்த்தர் உறுத்தினார். இரண்டு பேர் சொல்லையும் கேட்டால் அந்த இடத்தில் கிட்டாரும் டிரம்மும்தான் மிஞ்சும். பாம்புக்கும் நோகாமல், பாம்படித்த கோலுக்கும் நோகாமல் பாட்டு எழுத வேண்டுமாம். அதற்கு ஆள் வேறு இருக்கிறார்கள். நான் அந்த ஆள் இல்லை.

அது என் சித்தியைப் பற்றிய பாட்டு. அம்மாவின் ஒரே தங்கை. இரண்டு பேரும் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். போன வருடத்துக்கு முந்திய வருடம் ஒரு நாள் மலையில் குளவி கலைந்து வந்து கொட்டியது. பத்துப் பதினைந்து பெண்களுக்குக் கொட்டு. மற்றவர்கள் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தார்கள். சித்தி வரவில்லை. நான் கடையில் இருந்து தகவல் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

சாவு வீட்டில் ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதில் ஒன்று என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கொழுந்து ஏற்ற வந்த லொறி மலையடியில் நின்றதாம், கொழுந்து வாடிவிடும் என்று சித்தியை ஏற்றாமலே தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போய்விட்டதாம். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. எனக்கு யார் சொன்னால் என்ன? தேயிலைக்கு உள்ள மரியாதை ஆளுக்கு இல்லை என்பது இந்த மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நம்புவதற்கு எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அப்படி வந்ததுதான் இந்த நான்கு வரி:

கொழுந்து வாடுமுன்னு லொறி போச்சு, எங்க
குடும்பம் வாடுனது யாருக்குத் தெரிஞ்சிச்சு?
கொளவி கூட்டத்துல அவ கத்துன நேரம், கர்த்தரே,
கூப்பிட்ட கொரலுக்கு நீ எங்க போன?

நான் ரொக் பாட்டு எழுதுகிறவள். தோட்டத்துப் பெண்ணுக்கு இது எங்கிருந்து தொற்றிய நோய் என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரு பதில் உண்டு. வெளியிலிருந்து ஒன்றும் தொற்றவில்லை, வீட்டிலிருந்தே வந்தது. அப்பா சங்கத்துக்காரர். வேலைநிறுத்தம் என்றால் ஊர்வலத்தின் முன்னால் நின்று கோஷம் போடுவது அவர்தான். அவர் ஒரு வரி சொல்வார், பின்னால் வருகிற சனம் முழுக்கத் திருப்பிச் சொல்லும். வீட்டுக்கு வரும்போது தொண்டை போயிருக்கும். அம்மா இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டே, "ஒங்க தலைவரு வந்து கசாயம் வச்சுத் தரமாட்டாரா?" என்று கேட்பாள். அம்மா ஜெபவீட்டுக்காரி. அங்கே முதலில் குரல் எடுத்துப் பாடுகிறவள் அவள். அவள் ஒரு வரி பாடுவாள், சபை முழுக்கத் திருப்பிப் பாடும். பாட்டில் பல்லவி எதற்கு என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பா இறந்து சில வருடங்களாகிறது. ஆனாலும் நான் ஒரு பல்லவி எழுதினால், இதை ஊர்வலத்தில் சொல்ல முடியுமா, ஜெபத்தில் சொல்ல முடியுமா என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டிலும் நின்றால்தான் வைத்துக்கொள்வேன்.

கிட்டார் பிடிக்கப் பழகியது ஜெபவீட்டில். கொஞ்ச நாளில் அந்தச் சின்னச் சத்தம் எனக்குப் போதவில்லை. மின்சாரக் கிட்டார் வாங்கி, ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டியில் காலை வைத்து மிதித்த முதல் நாள், இது எங்கள் ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் சத்தமாயிற்றே என்று தோன்றியது. அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான். காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் அந்த மெஷினுக்குப் பக்கத்து லயத்து வரிசை வீடு ஒன்றில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்.

எங்கள் குழுவில் டிரம் அடிப்பவன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். அவன் அப்பா தோட்டத்தில் தப்பு அடித்தவர். கோயில் திருவிழா என்றால் அவரைப் பந்தலுக்கு வெளியே ஓரமாக நிற்கவைத்துத்தான் அடிக்கச் சொல்வார்கள். மகன் டிரம்செட் வாங்கியதும் மேடை நடுவில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரித்தாலும் செருப்பைக் கழற்றி வைத்து, டிரம்மைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவான். மாரியம்மனைக் கேட்காமல் அவன் புது டயர்கூடப் போடமாட்டான்.

இந்தப் பாட்டை முதன்முதலாகப் பழகியது அவனுடைய லயத்துக்குப் பின்னால், முச்சக்கர வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையில். சனிக்கிழமை பின்னேரம். அந்த நான்கு வரிக்கு அடி எப்படி வரவேண்டும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பாட்டுக்கு அடித்தான். இரண்டாம் முறை அடித்துக்கொண்டிருக்கும்போது கொட்டகைக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி அரிசி கழுவிய சட்டியோடு நின்றாள். இன்னொருத்தி தலைக்குத் துண்டைச் சுற்றியபடி வந்து, "யாருடா போயிட்டா? எந்த லயம்?" என்றாள். ஒரு மாமா வேட்டியை மாற்றிக்கொண்டே வந்துவிட்டார்.

அவன் அடித்தது சாவு அடி. மேல் லயம்வரை கேட்டிருக்கிறது. டிரம்மில் அடித்தாலும் எங்கள் சனத்துக்கு அந்த அடி தெரியும். விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்க, ஆள் கூப்பிடும் அடி வேறு, சாமி புறப்படும் அடி வேறு, இது வேறு. யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் மாமாவுக்கு வந்ததே கோபம். "சாவு இல்லாத வீட்டுல சாவு அடி அடிச்சா சாவு தேடிக்கிட்டு வரும்டா. ஒங்க அப்பன் ஒனக்கு இதச் சொல்லலியா?" என்று திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். வந்ததுக்கு ஒரு தேத்தண்ணியாவது கிடைக்குமா என்று நின்ற இரண்டு பேரை நாங்கள்தான் அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேணும்னு அடிக்கலக்கா. பாட்டுல சாவு இருக்கு. கை தானா அங்க போயிருச்சு" என்றான். வேறு அடி போடலாம் என்றேன். தலையாட்டினான். ஆனால் அடுத்த சனிக்கிழமை நெற்றியில் விபூதியோடும் குங்குமத்தோடும் வந்து, "ஆத்தாகிட்ட கேட்டுட்டேன். செத்தவங்களுக்காகத்தான அடிக்கிறோம், குத்தமில்ல. அதே அடி இருக்கட்டும்" என்றான். எனக்கு மாரியம்மன்மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் பாட்டுக்கு முதலில் அனுமதி கொடுத்தது அவள்தான் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

தலைவரிடம் நான் சும்மா தலையாட்டவில்லை. அன்று கடையிலேயே கேட்டேன். "லொறிய எடுத்துட்டா எங்க சித்தி எதனால செத்தாங்கண்ணே?"

"கொளவிதான் தங்கச்சி. காட்டுல இருக்குற சீவன். சாமி விட்ட வழி, நாம என்ன செய்ய? கம்பெனியோட சம்பளப் பேச்சு நடக்குற நேரம். நாம லொறி கிறின்னு பேசி அவனுங்களச் சீண்டக் கூடாது. ஒங்க அப்பா இருந்திருந்தா வெளங்கிக்கிட்டிருப்பாரு."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. அப்பாவை இழுத்தது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

போதகரிடமும் கேட்டேன். "வேதத்துல அழுது கேட்டவங்க இல்லையா ஐயா? ஏன் எங்கள விட்டுட்டன்னு கேட்டவங்க இல்லையா?"

அவர் விஷயம் தெரிந்த மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "கேட்டாங்க மக. கேட்டுட்டு, கடைசியில ஸ்தோத்திரம் பண்ணாங்க. நீ ஸ்தோத்திரம் பண்ணாமலே முடிச்சிட்ட."

"பதில் வந்ததும் பண்றேன் ஐயா" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஆராதனையில் கிட்டார் வாசிக்க வேறொரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்கு வலித்தது. அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? அந்தக் கூரைக்குக் கீழேதான் நான் சுதி சேர்க்கக் கற்றேன்.

போதகரிடம் பேசிவிட்டு அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. தலைவர் பழியைச் சாமி தலையில் போட்டார். போதகர் கம்பெனி தலையில் போட்டார். அவரவர் தங்கள் தங்கள் ஆளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சித்தியை யாரும் காப்பாற்றவில்லை. அந்த நான்கு வரியையும் ஒரு எழுத்து குறையாமல் மே தின மேடையில் பாடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். அவளுக்கு எங்களால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையும் இவர்கள் வெட்டிக் கொடுக்கக் கேட்டால் எப்படி?

ஆனால் அம்மாவுக்கு அந்தப் பாட்டை நான் இதுவரை முழுதாகப் பாடிக் காட்டியிருக்கவில்லை. சித்தி போனதிலிருந்து அம்மா ஜெபவீட்டில் குரல் எடுப்பதில்லை. உதடு மட்டும் அசையும். வேறொரு அக்காதான் இப்போது முதலில் பாடுகிறாள். அம்மா அன்று அந்த மலையில் தங்கைக்குப் பக்கத்தில் நின்றவள். அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை, நானும் கேட்டதில்லை. புண்ணைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். ஆனால் மேடையில் பாடினால் அவளும் கேட்கப் போகிறாள். தோட்டத்துப் பெண்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கு முதல் வீட்டில் கேட்டுவிடட்டும் என்று, ஒரு ஞாயிறு மத்தியானம் கிட்டாரை எடுத்தேன்.

அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் பாடத் தொடங்கினேன். அவள் நிமிரவில்லை, கை ஓயவில்லை. லொறி வரி வந்ததும் கை நின்றது. கர்த்தர் வரி முடியும்வரை மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"லொறி போகலடி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"லொறி போகல. நின்னுச்சு. அந்த டிரைவர் பையன் 'நங்கி, நகின்ட, நகின்ட'ன்னு சிங்களத்துல கத்தினான். ஏறுங்க ஏறுங்கன்னு கதவத் தொறந்துவச்சிக்கிட்டு நின்னான். ஒன் சித்திதான் ஏறல."

அம்மா அப்படியே உட்கார்ந்துகொண்டு சொன்னாள். குளவி வந்தபோது எல்லோரும் கூடைகளைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் மூடிக்கொண்டு கீழே ஓடியிருக்கிறார்கள். சித்திக்குக் கழுத்திலும் தலையிலும் கொட்டு. ஆனாலும் தன் காலால் நடந்து, ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்திருக்கிறாள். வந்ததும் அவள் கேட்டது தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. "அக்கா, என் கொழுந்துக் கூட மேல கெடக்கு" என்றாளாம்.

"மத்தியான நிறுவை தவறிப்போனா அரப் பேருதான் விழும்" என்றாள் அம்மா. எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கேட்ட அளவு கொழுந்து தராசில் ஏறினால் முழுப் பேர், ஏறாவிட்டால் அரைப் பேர். "காலையில இருந்து பறிச்ச கொழுந்து. அவ சொல்றா, 'நிறுத்துட்டு வாங்கக்கா, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்'னு. நான் மேல போனேன். கொளவி இன்னும் பறந்துகிட்டுத்தான் இருந்திச்சு. படங்க மூடிக்கிட்டுப் போயி கூடயத் தூக்கிட்டு வந்தேன். கொழுந்து கணக்கு எழுதுற கண்டாக்கையா பக்கத்துல நின்னாரு. அவரும் மொதல்ல இவள ஏத்துங்கன்னு சொல்லல. எங்க வாயிலயும் வரல. நாங்க வரிசையில நின்னோம்டி. கொட்டு வாங்கின மூஞ்சியோட வரிசையில நின்னு நிறுத்தோம். திரும்பிப் பாக்குறேன், அவ கண்ணு சொருகி செவத்துல சாஞ்சிருக்கா."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கடைசியில் அது அம்மா மேலேயே போய் விழுந்தது. "இத்தன நாளு ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டா?"

நான் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்" என்றாள். "அவளே நடந்து வந்தா, லொறி நின்னுச்சு, அவளேதான் ஏறலன்னு நாங்க சொன்னா என்னா சொல்லுவாங்க? அவ குத்தம்னு சொல்லிருவாங்கல்ல? அதான் நாங்க அத்தன பேரும் வாயத் தொறக்கல. லொறி போயிருச்சின்னு எவனோ சொன்னான். போகட்டும்னு விட்டுட்டோம். ஆனா அந்த டிரைவர் பையன் இப்ப என்னப் பாத்தா தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போறான். அவனுக்கும் யாரோ ஒன் பாட்டப் போட்டுக் காட்டியிருக்காங்க."

நான் எழுந்து வெளியே போய், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்றேன். லொறி வரி என்னுடைய நல்ல வரி. கேட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். அதை எடுத்துவிட்டு உண்மையைப் பாடினால், கம்பெனிக்காரன் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவான் என்று அம்மா பயந்தது நியாயம்தான். கொஞ்ச நேரம் நானும் பயந்தேன். அப்புறம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. சாகப்போகிற ஒருத்தி, என்னைத் தூக்குங்கள் என்று சொல்லாமல் என் கொழுந்தைத் தூக்குங்கள் என்கிறாள். வீங்கிய முகங்களோடு பத்துப் பெண்கள் யாரும் சொல்லாமலே வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சனத்தை இப்படிப் பழக்கிவைத்தது யார்? கொழுந்தோடு ஓடிப்போன லொறி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஓடிப்போன லொறியென்றால் ஒரு டிரைவரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். இதற்குக் கம்பெனி, கண்டாக்கையா, சங்கம் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும்.

உள்ளே வந்து, "நெசத்தப் பாடட்டாம்மா?" என்று கேட்டேன்.

"பாடுறதுன்னா முழுசாப் பாடு" என்றாள். மறுபடி மாவில் கை வைத்தாள். பிறகு, "கர்த்தரு வரிய எடுக்கச் சொன்னாராமே பாஸ்டரு?" என்று கேட்டாள்.

"ம்."

"எடுக்காத. நான் தெனமும் அதத்தான் கேக்குறேன். சபையில ஒதடு அசையிதில்ல, வேற என்னான்னு நெனச்ச?"

புது வரிகளை எழுத எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அம்மா சொன்னதை அடிக்குள் உட்காரவைத்தேன், அவ்வளவுதான்:

கொட்டு வாங்கி நடந்து வந்தா, ஏறச் சொன்னா ஏறல,
கொழுந்த நிறுங்கக்கான்னு சொன்னா, வேற ஒண்ணும் கேக்கல.

அடுத்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன. டிரம் அடிப்பவனுக்குப் பாடிக் காட்டினேன். அவன் குச்சியைக் கீழே வைத்தான். "இதுக்கு ஆத்தாகிட்ட கேக்கத் தேவல்லக்கா" என்றான்.

தலைவர் போன் எடுத்துக் கேட்டபோது, "லொறி வரிய எடுத்தாச்சுண்ணே" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பரம சந்தோஷம். எங்களுக்குச் சங்கத்தின் நிறத்தில் டீ சேர்ட் கொடுத்தனுப்பினார். நாங்கள் எங்கள் கறுப்புச் சட்டையையே போட்டுக்கொண்டு போனோம்.

மைதானம் நிறைந்திருந்தது. மஸ்கெலியாவிலிருந்தும் கொத்மலைப் பக்கமிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்திறங்கியது. மழை வரும்போல் இருந்ததால் பாதிப் பேர் குடையோடு நின்றார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் மேடைக்கு முன்னாலேயே இடம் பிடித்துவிட்டார்கள். அம்மா அவர்கள் நடுவில் தனியாகத் தெரியாமல் நின்றாள். தலைவர் பேசுவதற்கு முன்னால் கூட்டத்தைச் சூடாக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தெரியும். சூடாக்குவதற்குத்தான் நாங்களும் வந்திருந்தோம்.

பல்லவிக்குச் சனம் கையடித்தது. பையன்கள் ஆடினார்கள். அந்த நான்கு வரி வந்ததும் அவன் சாவு அடிக்கு மாறினான். பெரிய ஸ்பீக்கரில் அது வந்தபோது ஆடிக்கொண்டிருந்த பையன்கள் சட்டென்று நின்றார்கள். கூட்டத்தில் பலர் தலையை அங்கும் இங்கும் திருப்பி யார் யார் என்று பார்த்தார்கள். நான் பாடினேன். எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் நேரே என்னைப் பார்த்தார்கள். நான் அன்றுவரை மேடையில் பயந்ததில்லை, அப்போது பயந்தேன். ஆனாலும் குரலை இறக்கவில்லை. கர்த்தரைக் கேட்ட வரியை வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

பாட்டு முடிந்தது. யாரும் கையடிக்கவில்லை. தலைவர் எழுந்து சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம புள்ளைங்க நல்லாத்தான் பாடுறாங்க. கலைஞர்ன்னா கொஞ்சம் கற்பன கலந்துதான் பாடுவாங்க. அப்பிடி ஒண்ணு நம்ம தோட்டங்கள்ல நடந்திருந்தா நம்ம சங்கம் சும்மா இருந்திருக்குமா?"

கூட்டத்துக்குள் ஏதோ அசைந்தது. அம்மா வந்துகொண்டிருந்தாள். குடையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மலையில் ஏறுகிற அதே நடையில் மேடைப் படி ஏறினாள். தொண்டர் ஒருவர் தடுக்கப் பார்த்தார். அவரை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. தலைவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கொழுந்துக்காரி நீட்டிய கையை அவரால் தட்ட முடியவில்லை. மைக்கைக் கொடுத்தார்.

"கற்பன இல்லீங்க" என்றாள் அம்மா. குரல் அவளுடைய பழைய ஜெபவீட்டுக் குரல். "அவ என் தங்கச்சி. அந்தக் கூடயத் தூக்கிட்டு வந்து தராசுல போட்டது நான்தான். அன்னைக்கு அவளுக்கு முழுப் பேரு போட்டாங்க."

மைக்கை அவள் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மொதல்ல இருந்து பாடு" என்றாள்.